நான் குடித்துக் காட்டிய தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் கணக்கு நன்றாக வரும். கணக்கு நன்றாக வந்தால் புத்தி வேலை செய்யாது. இரண்டும் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்ததால் எங்கள் அடி அண்ணாமலை ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதிலும் அந்த டை கட்டின பையன் மேல் கொஞ்சமும் ஆறவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் அவனுக்கு நாக்கு வறண்டு போகட்டும். ("சாபம் விடாதீங்க அத்தை" என்பாள் என் மருமகள் செல்வி. விட்டால்தான் என்ன? என் சாபம் பலிக்கிறதாக இருந்தால் இந்நேரம் பாதித் தெரு படுக்கையில் கிடக்கும்.)

எங்கள் வீடு கிரிவலப் பாதையைப் பார்த்த வீடு. என் வீட்டுக்காரர் காலமான பிறகு, அவர் பேரில் வருஷா வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். அவர் படம் போட்ட பேனரும் உண்டு. வழியில் போகிற யாரையும் "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடாமல் விடமாட்டார் அந்த மனுஷன். அதனால் பொங்கல், சுண்டல் எல்லாம் மற்றவர்கள் கொடுக்கட்டும். அவர் படத்துக்குக் கீழே வந்து நின்ற ஒருத்தரும் தாகத்தோடு போகக் கூடாது. அது என் வீம்பு.

ஆரம்பத்தில் எங்கள் போர் தண்ணீரைத்தான் பானையில் ஊற்றி வைத்தோம். பிறகு ஜனங்களுக்கு நாக்கு நீண்டுவிட்டது. "இது கேன் தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறார்கள். வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிற பக்தி, டம்ளரைக் கண்டதும் போலீஸ் விசாரணை ஆகிவிடுகிறது. சரி, போகட்டும் என்று கேனுக்கு மாறினோம். வீட்டுக்குத் தினம் ஒரு கேன், பந்தலுக்கு ஐம்பது கேன். எல்லாம் ஏழுமலைதான் போடுவான். லோடு ஆட்டோ வைத்திருக்கிறான், என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவான்.

அந்த வருஷம் மாசி மாதம், முப்பது ரூபாய்க் கேனை முப்பத்தஞ்சு ஆக்கிவிட்டான்.

"ஏன்டா ஏழுமல, கங்கையிலேர்ந்தா மொண்டுக்கினு வர்ற?"

"டீசல் ஏறிப்போச்சு பெரிம்மா. நான் இன்னா பண்ணட்டும்?"

"டீசல் ஏறினா உன் வண்டிக்கு ஏறிச்சு. என் தொண்டைக்கு ஏன் ஏத்துற? இனிமே கேனைத் தூக்கிக்கினு இந்தப் படி ஏறாத!"

அவன் படி இறங்கிப் போனான். அந்த வாரத்திலேயே வேறொருவன் படி ஏறினான். அவன்தான் டை கட்டின பையன். மாசி வெயிலில், கழுத்தில் துணியை இறுக்கிக்கொண்டு, "வணக்கம் மேடம்" என்றான். (என்னை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அங்கேயே நான் பாதி விழுந்தேன்.) ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவன் விற்க வந்த சுத்திகரிப்பு மிசின் தண்ணீர், பாட்டிலில் கொண்டுவந்தது. இரண்டிலும் கம்பிகளை விட்டு ஒயரை பிளக்கில் சொருகினான். அவன் தண்ணீர் அப்படியே நின்றது. என் தண்ணீர் மஞ்சளாகி, சிவப்பாகி, மேலே நுரை கட்டி, ஏரி தூர் வாரின சேறு மாதிரி ஆகிவிட்டது.

எதிர்வீட்டு மல்லிகா அந்த நேரம் பார்த்துத் தயிர் உறைக்கு வந்தவள், வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயே! இதையா நம்ம இத்தினி நாளா குடிச்சோம்?"

என் சமையல்கட்டில், ஊரார் கண் முன்னால், என் தண்ணீர் அழுக்கு என்று காட்டிவிட்டான்! எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏறினதும் கணக்கு வந்தது. தினம் ஒரு கேன் முப்பத்தஞ்சு. மாதம் ஆயிரத்து ஐம்பது. அதை வருஷத்துக்குப் பெருக்கி, பந்தல் கேனையும் சேர்த்தால் பதினாலாயிரத்தைத் தாண்டுகிறது. மிசின் விலை பதினாலாயிரம். ஒரே வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் தண்ணீர் சும்மா. பேப்பர் இல்லை, பென்சில் இல்லை, விரலை மடக்கியே சொன்னேன். "மேடம், நீங்க கணக்குல புலி!" என்றான் அந்தப் படுபாவி. மீதிப் பாதியும் விழுந்தேன்.

மிசின் வந்தது. நீல விளக்கு எரிய, சுவரில் குட்டி சாமி மாதிரி உட்கார்ந்தது. சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். அது ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்குள் இரண்டு குடத்தை வேஸ்ட் என்று வெளியே துப்பியது. துப்பினதைப் பிடித்துப் பிடித்துப் பாத்திரம் கழுவினேன், செடிக்கு ஊற்றினேன். அந்த எரிச்சலையும் கணக்கின் அழகை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? தெருவில் வீடு வீடாகப் போய், "போர் தண்ணி விஷம்டி. கண்ணால பார்த்தேன். செங்கல் பொடி மாதிரி இறங்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னேன்.

சித்திரை பிறந்ததும் ஏழுமலை வெட்கத்தை விட்டு மறுபடி வந்தான். கேன் இல்லாமல் வந்து படிக்குக் கீழேயே நின்றான்.

"பெரிம்மா, பௌர்ணமிக்கு அம்பது கேன் எடுத்து வைக்கட்டா? பழைய ரேட்டே குடுங்க."

"வேணாம்பா. எங்க வீட்லயே மிசின் கீது."

"மிசின் வூட்டுக்குப் பத்தும் பெரிம்மா. பந்தலுக்கு எப்பிடிப் பத்தும்?"

"உனக்கு வியாபாரம் போகுதேன்னு வயித்தெரிச்சல்!"

"சரி பெரிம்மா. உங்க இஷ்டம்."

அவன் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கலாம். பௌர்ணமிக்கு முந்தின நாள் செல்வி கேட்டதையாவது வாங்கியிருக்கலாம். "அத்தை, இன்னிக்கே கொஞ்சம் கொஞ்சமா புடிச்சி ட்ரம்ல ரொப்பி வச்சிடலாமா?"

"சாமி சுத்த வர்றவங்களுக்குப் பழைய தண்ணியா குடுக்கிறது? தோசை மாதிரி, அப்பப்ப புடிச்சி அப்பப்ப குடுக்கலாம்."

இதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. மிசின் வாங்கின நாளில் இருந்து, எப்போது குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வந்தது. நாங்கள் ஒரு செம்பு பிடித்தால், நாங்கள் பார்க்காதபோது அது மெல்ல ஒரு செம்பு ரொப்பிக்கொள்ளும். அதன் வயிறு எவ்வளவு பெரிசு, ரொம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்டதே இல்லை. விலையை எல்லாம் கணக்குப் போட்ட புலி, அது எவ்வளவு வேகத்தில் தரும் என்பதை விட்டுவிட்டது.

பௌர்ணமி அன்று மதியமே கூட்டம் வந்துவிட்டது. சித்திரை வெயிலில் ரோட்டில் கால் வைக்க முடியாது. ஜனங்கள் ஓரமாகக் குதித்துக் குதித்து வருகிறார்கள். என் மகன் சேகர் கண்டக்டர், ஸ்பெஷல் பஸ்ஸில் டியூட்டி. வீட்டில் பெரியவர்கள் என்று நானும் செல்வியும்தான். பேனரைக் கட்டி, மாலை போட்டு, பட்டுப்புடவை கட்டி நின்றேன். (தண்ணீர் ஊற்ற எதற்குப் பட்டு என்று கேட்காதீர்கள். கேட்ட செல்வி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.) முதல் அரைக் குடம் வந்தது. பத்து நிமிஷத்தில் தீர்ந்தது.

"செல்வி, அடுத்த குடம்!"

"அத்தை, உள்ள வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். குழாயில் நூல் மாதிரி வந்த தண்ணீர், நான் பார்க்கும்போதே சொட்டாகிவிட்டது. ஜலதோஷம் பிடித்த பிள்ளை மூக்கு மாதிரி ஒழுகுகிறது. தட்டினேன். குத்தினேன். செல்வியை விட்டு டை கட்டினவனுக்குப் போன் போட்டு, போனைப் பிடுங்கினேன்.

"டேய், உன் மிசின் செத்துப்போச்சு!"

"இல்ல மேடம், டேங்க் காலி. மணிக்குப் பன்னெண்டு லிட்டர்தான் வரும். வெயிட் பண்ணுங்க."

"அதை ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலியே மேடம்."

வாசலில் சத்தம் கேட்டது. "பேனர் மட்டும் பெருசா கீது, தண்ணியக் காணோமே!" என்கிறான் ஒருத்தன். கைக்குழந்தையோடு ஒரு பொம்பளை, உதடு வெடித்துப்போய், காலி டம்ளரை நீட்டிக்கொண்டே நிற்கிறாள். பின்னால் அவர் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மோட்டாரைப் போட்டு, இரண்டு குடம் போர் தண்ணீரைப் பிடித்து, விடுவிடு என்று வாசலுக்குக் கொண்டுவந்தேன்.

எதிர்வாசலில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த மல்லிகா ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்: "ஐயையோ! அது விஷத் தண்ணியாச்சே! நீங்கதானே எங்க எல்லாருக்கும் சொன்னீங்க!"

நீட்டின கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போயின. ஒருத்தன் வாயில் ஊற்றினதைத் துப்பினான். குழந்தைக்காரி குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அப்போது கூட்டத்தில் நடந்து வந்தான் ஏழுமலை. என் மானத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு கூப்பிட்டேன். "டேய் ஏழுமல, ஒரு பத்து கேன் போடுடா."

"எல்லாம் காலையிலயே போயிடுச்சி பெரிம்மா. இருந்தாலும் வண்டி உள்ள வராது. போலீசு பேரிகாடு போட்டு ரோட்ட அடைச்சிட்டாங்க."

இனி யாரைத் திட்டுவது? திட்ட ஆளே இல்லாமல் போனதில் எனக்கு வெறியே பிடித்துவிட்டது. பெரிய செம்பில் அந்த போர் தண்ணீரை வழிய வழிய மொண்டு, எல்லார் எதிரிலும் அண்ணாந்து மடமடவென்று குடித்தேன். பட்டுப்புடவை நனைந்தது.

"பாத்துக்குங்க! கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து கேன் வர்ற வரைக்கும் இந்தத் தண்ணியத்தான் குடிச்சேன். விஷமா இருந்தா என் வாய் இந்நேரம் அடங்கியிருக்காதா?"

"அது வாஸ்தவம்தான்" என்றான் ஏழுமலை, எல்லாருக்கும் கேட்க. கூட்டம் சிரித்தது. குழந்தைக்காரி டம்ளரை நீட்டினாள். முதலில் குழந்தைக்குக் கொடுத்தாள், பிறகு அவள் குடித்தாள். பிறகு எல்லாரும் நீட்டினார்கள்.

அதோடு முடிந்ததா? குடித்த கூட்டம் நகர்ந்துவிடும், புதுக் கூட்டம் வரும். வருகிறவர்களிடம் மல்லிகா (நல்லா இருக்கட்டும்!) விஷயத்தைச் சொல்வாள். அவர்கள் டம்ளரைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். ஏழுமலை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் மருந்து விற்கிறவன் மாதிரி ஆரம்பித்துவிட்டான். "வாங்க சாமி, பாருங்க சாமி! இதோ பெரிம்மா இன்னொரு தபா குடிக்கிறாங்க! மதியத்திலேர்ந்து குடிக்கிறாங்க, இன்னும் எப்பிடி நிக்கிறாங்க பாருங்க!"

பொழுது சாய்கிற வரைக்கும் குடித்தேன். செம்பு சின்னதாகிக்கொண்டே போனது, என் வயிறு பெரிதாகிக்கொண்டே போனது. நடந்தால் உள்ளே தளும்புகிற சத்தம் எனக்கே கேட்டது. எத்தனை தடவை கொல்லைப்பக்கம் ஓடினேன் என்பதைச் செல்வி வேண்டுமானால் சொல்வாள். நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் படத்துக்குக் கீழே வந்து நின்ற ஒருத்தரும் தாகத்தோடு போகவில்லை.

டியூட்டி முடிந்து வந்த சேகர் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "இரும்புக் கம்பிய தண்ணியில வச்சு கரண்ட் குடுத்தா துருதாம்மா வரும். அவன் மிசின் தண்ணில உப்பே கிடையாது, அதான் ஒண்ணும் ஆகல."

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா?"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

மிசின் இன்னும் சுவரில் இருக்கிறது. வருஷா வருஷம் கம்பெனிக்காரர்கள் வந்து பில்டரை மாற்றிவிட்டு வாங்குகிற காசைச் சேர்த்ததும், என் அழகான கணக்கு கால் ஒடிந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது வீட்டுக்கு மிசின், பந்தலுக்கு ஏழுமலை கேன், எனக்கு மட்டும் போர் தண்ணீர். ஒன்றை மிச்சம் பிடிக்கப் போய் மூன்றுக்கும் செலவு செய்கிறேன்.

அதையாவது மறக்கலாம், நான் குடித்துக் காட்டியதை மறக்க விடமாட்டேன் என்கிறார்கள். பேத்தி நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். சர்க்கரை வியாதியாம். என் பேரன் கத்தினான்: "ஆயா, நீ முதல்ல குடிச்சிக் காட்டு!" சம்பந்தி வீடு முழுக்கக் கதையைக் கேட்டுச் சிரித்தது.

போன சித்ரா பௌர்ணமிக்கு மூடி பிரிக்காத கேன்களாக அடுக்கி வைத்திருந்தோம். வெளியூர்க்காரி ஒருத்தி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தண்ணி நல்லாருக்குமா?" என்றாள். செல்வி திரும்பி என்னைத்தான் பார்த்தாள். நான் அதற்குள் செம்பில் பிடித்து அண்ணாந்துவிட்டேன்.