சம்மந்திக்க வெள்ளைச் சட்டையும் கெந்தகம் அடிக்குற மிஷினும்

மண்டையில ஒரு யோசனை உதிச்சா, வீட்டுல உள்ள ஒரு ஆளுகிட்டயாவது சொல்லிட்டுச் செய்யணும். நான் சொல்லல்ல. சொல்லியிருந்தா எனக்க வீட்டுக்காரி தங்கம்மை அப்பவே என்னைப் புடிச்சு தூணுல கட்டியிருப்பா. எல்லாருக்கும் நல்லதா இருந்திருக்கும்.

நம்ம வீடு பாறசாலைக்குக் கிழக்க, ரோட்டோரம். நாளு முழுக்க பாறப்பொடி ஏத்துன டிப்பர் லாரி போய்ட்டே இருக்கும். (அந்த ரோடு பண்டு மாட்டு வண்டிக்கே எடம் காணாது. அதுல ஒருக்கா ஒரு மூரிக்காளை... செரி, அது வேற கத.) பொடி கட்டில்ல இருக்கும், மேசையில இருக்கும், மீன்கொளம்புலயும் இருக்கும். மோன் துபாய்ல. மருமோளு ஷீபாவும் பேத்தி அனுவும் எங்ககூட. பேத்திக்கு இழுப்பு. மூச்சு விட்டா நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கும். கேட்டா நமக்கு சோறு எறங்காது.

டாக்டர் மலையாளத்துல சொன்னாரு, "வீட்டில் பொடி ஒட்டும் பாடில்ல கேட்டோ." வீட்டுல பொடியே இருக்கப்படாதாம். பழைய மெத்தை, கர்ட்டன், பஞ்சு சோபா எல்லாத்தையும் களையணும், தூத்துப் பெருக்காம ஈரத்துணி வச்சுத் தொடைக்கணும். தங்கம்மை ஒரு தலகாணியக்கூட களைய விடல்ல. "எனக்க அம்மை தந்த மெத்தையாக்கும். டாக்டருக்கு வேணும்னா அவருக்க மெத்தையக் களையட்டும்"ன்னா.

ஷீபா ஒடனே நெய்யாற்றின்கரையில உள்ள அப்பனுக்கு ஃபோன் போட்டா.

எனக்க சம்மந்தி கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எப்பவும் வெள்ளைச் சட்டை. எனக்க மோனுக்க கல்யாணத்துக்கு அவரு மூணு பாயசம் குடிச்சாரு, சட்டையில ஒரு சொட்டு விழல்ல. அவ்வளவு சுத்தம். ஃபோன்ல பறஞ்சாரு, "செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து, அனுவக் காட்டிட்டு அப்படியே எனக்க காருல கூட்டிட்டு வாறேன். வீட்டுல பொடி இருந்தா பிள்ளைய நான் கொண்டுபோவேன்."

அனு போனா இந்த வீட்டுல எனக்கு யாரு உண்டு? தங்கம்மை உண்டு. ஆனா அவ என்கிட்ட பேசுறது ரேஷன் வாங்கச் சொல்லத்தான்.

செவ்வாக்கிழமை காலத்த ஷீபாவும் பேத்தியும் ஆஸ்பத்திரிக்குப் போனாவ. தங்கம்மை சந்தைக்குப் போனா. எனக்கு குனிஞ்சு தொடைக்க ஒக்காது, முட்டு வேதனை. அப்பத்தான் யோசனை வந்துது.

பக்கத்து வீட்டு ரெத்தினத்துகிட்ட ரப்பர் மரத்துக்கு நோய் வராம மஞ்சக் கெந்தகப் பொடி அடிக்குற மிஷின் உண்டு. முதுகுல மாட்டிக்கிட்டு கயித்த இழுத்தா, பைப்பு வழியா வீசுற காத்து ரப்பர் மர உச்சி வர போவும். அந்தக் காத்து வீட்டுப் பொடிய ஒரு நிமிசத்துல ரோட்டுக்கே திருப்பி விட்டுராதா? மிஷினக் கேட்டு வாங்கிட்டு வந்து, பொடி போடுற டாங்கியக் குலுக்கிப் பாத்தேன். சத்தம் இல்ல. காலின்னு நெனச்சேன். (பொடி அடியில கட்டியாப் புடிச்சுக் கெடந்தா சத்தம் வராதுன்னு, பத்து ஆளு அந்த மிஷின் அடிக்கதப் பாத்த எனக்கு அப்ப தோணல்ல.)

கயித்த இழுத்தேன். காலண்டர் பறந்துது. கர்ட்டன் கம்பியோட எழும்பிச்சு. செவுத்துல இருந்த எங்க கல்யாண போட்டோ ஆடிச்சு. பொடி எல்லாம் வாசல் வழியா வெளிய ஓடுது. ஆகா, என்னை மாதிரி ஒரு மூளைக்காரன் இந்த ஊருல பொறக்கவே இல்லன்னு நெனச்சேன்.

மிஷின் ஆடுன ஆட்டத்துல டாங்கியில கெடந்த கட்டி ஒடஞ்சுது.

முதல்ல எனக்க கண்ணுதான் மஞ்சளாப் போச்சுன்னு நெனச்சேன். பொறவு பாத்தா சோபா மஞ்ச, செவுரு மஞ்ச, தங்கம்மைக்க அம்மை தந்த மெத்தையும் மஞ்ச. நிறுத்த லிவரப் புடிச்சேன். அதுல ரெண்டு லிவர் உண்டு. நான் புடிச்சது பொடியத் தொறந்து விடுறது. மிச்சமும் வந்துது.

அப்ப வாசல்ல இருந்து, "ஓய்..."

ஆளு கூப்பிட்டா மனுசன் திரும்புவான் இல்லியா? நானும் திரும்புனேன். பைப்பும் என்கூடத் திரும்பிச்சு.

எஞ்சின் எப்பிடி நின்னுதுன்னு இப்பவும் எனக்குத் தெரியாது. சம்மந்தி நிக்காரு. முண்டு மஞ்ச, சட்டை மஞ்ச, மீசை மஞ்ச. மெள்ள கண்ணாடியக் களட்டுனாரு. கண்ணு இருந்த எடம் மட்டும் மனுசக் கலருல இருந்துது.

அவரு கேட்டாரு. "வீட்டுப் பொடி கொறைக்க நீரு கண்ட வழி இதாக்குமா, சம்மந்தி?"

தும்முனாரு. திரும்பிக் காருக்குப் போனாரு. ஷீபாவையும் அனுவையும் காருல இருந்து எறக்காம அப்படியே வண்டிய எடுத்தாரு. கார் கண்ணாடி வழியா அனு எனக்குக் கை காட்டிச்சு. நான் வாசல்ல மிஷினோட நின்னேன்.

சந்தையில இருந்து வந்த தங்கம்மை மீன்சட்டியோட நடையில தொப்புன்னு இருந்துட்டா.

கெந்தகம் பஞ்சுல ஏறுனா போவாது. மெத்தை, சோபா, கர்ட்டன் ஒண்ணு விடாம களைய வேண்டியதாச்சு. செவுரு, தரை, கதவு எல்லாம் ஈரத்துணியால தொடச்சோம். தொடச்சோம்னா, முட்டு வேதனையோட நான் தொடச்சேன், அவ கசேரியில இருந்து, "அங்க மஞ்ச இருக்கு, இங்க மஞ்ச இருக்கு"ன்னு காட்டுனா. தொடச்சுத் தொடச்சு கடைசியில பாத்தா, வீட்டுல பொடி போய் இருக்கதுக்கு எடமே இல்ல. டாக்டர் சொன்னது அத்தனையும் நடந்தாச்சு.

அப்பன் வீட்டுல இருந்து ஷீபா வந்து அலமாரிக்க மேல வெரல வச்சுப் பாத்தா. வெரல என் மொகத்துக்கு நேர நீட்டுனா. சுத்தம். மறுநாளு பிள்ளைய கொண்டுவந்தா. இப்ப இழுப்பும் கொறவு.

சம்மந்தியும் வருவாரு. ஆனா நேர உள்ள வரமாட்டாரு. கேட்டுல நின்னு, "கைய ரெண்டையும் தூக்கிக் காட்டும் ஓய்"ம்பாரு. கையில பைப்பு இல்லன்னு நான் தூக்கிக் காட்டுனாத்தான் உள்ள கால் வைப்பாரு. இதப் பாத்துப் பாத்து பேத்தியும் படிச்சாச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா வாசல்லயே நிக்கும். "தாத்தா, கை." ரெண்டு கையும் காட்டுவேன். அப்பவும் விடாது. "இனி திரும்பு, முதுகப் பாக்கணும்."

திரும்பிக் காட்டுவேன்.