மாப்பிள்ளை வண்டியின் இரண்டாவது சிலிண்டர்

கோவில்பத்து, காரைக்கால்.
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை கலைவாணன் அவர்களுக்கு மாமனார் தெட்சிணாமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் பிரஷர், தங்கள் டர்போ கார் ஆகிய மூவரில் முதல் இருவரும் கட்டுக்குள் இருக்கிறோம். தோஹாவில் தாங்களும் என் மகள் தமிழ்மொழியும் வெயிலில் அதிகம் அலையாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பொருள்: தங்கள் கார் திணறுவதும் இழுக்க மறுப்பதும், ஞாயிற்றுக்கிழமை விற்பனையைத் தள்ளிவைக்கக் கோருவதும்.
பார்வை: தங்களது சென்ற வெள்ளிக்கிழமைத் தொலைபேசி அழைப்பு.

மாப்பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் பொருள், பார்வை எல்லாம் போடுவதைப் பார்த்து தமிழ்மொழி சிரிப்பாள், சிரிக்கட்டும், முப்பத்து நான்கு வருடம் அரசாங்க ஆபீஸில் எழுதிய கை வேறு எப்படி எழுதும். ‘மாமா, என்னென்ன கோளாறு, என்னென்ன பார்த்தாங்கன்னு ஆரம்பத்திலேர்ந்து வரிசையா எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க, நீலகண்டன் கேட்டா காட்டணும்’ என்று தாங்கள்தான் சொன்னீர்கள். நீலகண்டன் மயிலாடுதுறைக்காரர், ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வருகிறார், பிடித்தால் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவார் என்றும் சொன்னீர்கள். அப்போது நான் இருமியது தண்ணீர் புரையேறியதால்தான், வேறு காரணம் இல்லை.

ஆரம்பம் என்றால் தாங்கள் சாவியைக் கொடுத்த நாள்தான். ‘தினமும் ஸ்டார்ட் பண்ணி வைங்க மாமா, அப்பப்ப ஓட்டுங்க’ என்றீர்கள். முதல் பாதியை நூற்றுக்கு நூறு கடைப்பிடித்தேன். இரண்டாம் பாதிதான் என்னால் முடியவில்லை. கல்யாணத்தன்று மணையில் வைத்துத் தங்கள் பாதத்தைக் கழுவிய மனிதன் நான். அப்படிப்பட்ட மாப்பிள்ளையின் வண்டியை எந்தக் காலால் மிதிப்பது? அதனால் ஒன்றரை வருடமாகத் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரில் கால் படாமல், போர்ட்டிகோவிலேயே பத்து நிமிஷம் உறும விட்டேன். உண்மையில் பத்து நிமிஷம் இல்லை. ஏசி ஓடுகிறது, ரேடியோ பாடுகிறது, பேப்பரை முழுதாகப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிடும். பெல்ட் போடவில்லை என்று வண்டி டிங் டிங்கென்று கண்டிக்கும். தங்கள் அத்தை போய்ச் சேர்ந்த பிறகு காலை வேளையில் என்னை யாராவது ஏதாவது சொல்வது என்றால் அது ஒன்றுதான்.

ஐப்பசி மழை விட்டதும் வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறத் தொடங்கியது, இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு கண்ணடித்தது, வேறு வழியில்லாமல் பட்டும் படாமலும் மிதித்து மெக்கானிக் ரிஃபாய் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனபோது நெரவி ரோட்டில் ஒரு டிவிஎஸ் மொபெட், அதுவும் பின்னால் நெல் மூட்டையோடு, என்னைத் தாண்டிப் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை தங்களிடம் சொன்னேன். அதுவரை தமிழ்மொழி கூப்பிடுவாள், ‘சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா’ என்று கேட்பாள், ரெண்டு நிமிஷத்தில் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும். தங்களிடம் போனைக் கொடுத்தால் தாங்கள் ‘நல்லா இருக்கீங்களா மாமா’ என்பீர்கள், நான் ‘இருக்கேன் மாப்ள’ என்பேன், அதற்குமேல் ரெண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது. வண்டி கெட்ட அன்றைக்கு நாற்பது நிமிஷம் பேசினோம். புகை வெளியே போகிற வேகத்தில் ஒரு விசிறி சுற்றும், அது காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள திணிக்கும், அதுதான் டர்போ என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். அடுத்த வெள்ளியும் நாற்பது நிமிஷம். வாரத்தில் என்னோடு அவ்வளவு நேரம் பேசுகிற ஆள் இப்போது தாங்கள் ஒருவர்தான், இதையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளவும்.

ரிஃபாய் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிப் பார்த்து, ‘ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியலன்னு காட்டுது சார்’ என்றார். பிறகு இரண்டாவதின் மேலிருந்த, பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதின் காயில் இரண்டாவதுக்கு வந்தது. ‘கோளாறு இது கூடவே மூணுக்குப் போச்சுன்னா காயில்தான் குத்தவாளி, ரெண்டுலேயே நின்னுச்சுன்னா வேற தேடணும்’ என்றார். கூடவே போயிற்று. எங்கள் ஆபீஸிலும் இப்படித்தான் ஆளை இடம் மாற்றுவார்கள், கோளாறும் அவரோடு புது இடத்துக்குப் போய்ச் சேரும், அதைப் பார்த்த பிறகும் மறுபடி இடம்தான் மாற்றுவார்கள். ரிஃபாய் புதுக் காயிலே போட்டுவிட்டார். கடல் காற்றில் பழையதின் கம்பி முனை பச்சை பூத்துக் கிடந்தது. பிளக் நான்கையும் கழற்றினால் அடுப்புக்கரி. ‘நிறுத்தி வச்சே ஓட்டுனீங்களா சார்? இது ஓட்டாம கெட்டது. ஒரே எடத்துல உக்காந்து உறுமிக்கிட்டே இருந்தா கரிதான் புடிக்கும், வெளில கூட்டிட்டுப் போங்க’ என்றார். வண்டியைத்தான் சொன்னார்.

உதறல் நின்றது, இழுவை வரவில்லை. மிதித்தால், அதாவது ரிஃபாய் மிதித்தால், புஸ்ஸென்று ஒரு சத்தம், வேகம் இல்லை. காற்று வடிகட்டியைத் திறந்த ரிஃபாய் அதற்குள்ளிருந்து ஒரு மாவிலைக் கொத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். ஆயுத பூஜைக்கு எல்லோரும் பானெட் மேல் பொட்டு வைத்தார்கள், மாப்பிள்ளை வண்டிக்கு அது போதாது என்று நான் பானெட்டைத் திறந்து, வாகான ஓட்டை ஒன்று தெரிந்ததால் அதில் மாவிலை செருகினேன். அது இன்ஜின் மூச்சு விடுகிற ஓட்டை என்று யார் கண்டது. அதை எடுத்தும் புஸ் நிற்கவில்லை. காற்று எங்கே கசிகிறது என்று பார்க்க உள்ளே புகை விட வேண்டும் என்றார். அதற்கான மெஷின் சென்னையில்தான் உண்டாம், அதனால் ஒரு பெயிண்ட் டப்பாவில் கங்கு போட்டு, வெள்ளிக்கிழமை கடைக்குக் காட்டுவதற்கு வைத்திருந்த சாம்பிராணியைத் தூவி, காற்றடிக்கிற பம்பை மாட்டி, நம்ம வீட்டு போர்ட்டிகோவில் வைத்தே இன்ஜினுக்குள் புகையை ஏற்றினார். பக்கத்து வீட்டுக் காசியம்மா வந்து கும்பிட்டுவிட்டு, ‘விசேஷம்னா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா’ என்று கோபித்துக்கொண்டு போனார். டர்போவிலிருந்து வரும் தடித்த ரப்பர் டியூப்பின் அடிப்பக்கத்தில் விரல் நீளக் கிழிசல், அங்கிருந்து புகை பொங்கியது. திணிக்கிற காற்றெல்லாம் அந்த வழியாகப் போய்விடுகிறது.

புது டியூப் வெளியூரிலிருந்து வர வேண்டும், இன்னும் வரவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீலகண்டன் வருவது உசிதமில்லை. அடுத்த மாதமும் உசிதமில்லை, மார்கழி. அப்படி என்ன மாப்ள அவசரம், அது என்ன சோறா கேக்குது, அது பாட்டுக்கு ஒரு ஓரமா நிக்கிது, நானும் ஒரு ஓரமா இருக்கேன்.

சனிக்கிழமை திருநள்ளாறு போய்த் தங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் கேட்டபோது பதற்றத்தில் வண்டி டெலிவரி எடுத்த நாளின் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேன், பலன் யாருக்கு வந்தாலும் நம் குடும்பத்துக்குத்தான். தாங்களும் தமிழ்மொழியும் குறைவில்லாமல் நீடூழி வாழ ஆசி கூறும்,

மாமனார்
தெட்சிணாமூர்த்தி

பின்குறிப்பு: டியூப் வரவில்லை என்று மேலே எழுதியது பொய். திங்கட்கிழமையே வந்தது, அன்றே ரிஃபாய் மாட்டிவிட்டார். ‘இன்னைக்கு நீங்கதான் மிதிக்கணும்’ என்று நேற்று என்னைத் தனியாக அனுப்பினார். கோட்டுச்சேரி தாண்டி ரோடு காலி. மனதுக்குள் தங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மிதித்தேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது மாப்பிள்ளை. உதறல் இல்லை, புஸ் இல்லை. செக்போஸ்ட்டில் போலீஸ்காரர்கள் நிறுத்தி, டிக்கியில் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாயையும் ஊதச் சொன்னார்கள், அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். தரங்கம்பாடி வரை போய்த் திரும்பி வந்து கேட்டைத் திறந்தபோதுதான் இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பது உறைத்தது. தங்களுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை. கோளாறு ஒன்றும் இல்லாமல் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் கோளாறோடு இந்தக் கடிதம். நீலகண்டனை வரச் சொல்லுங்கள், வண்டி நன்றாக இருக்கிறது, கொடுத்துவிடலாம். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடுங்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வண்டி இருக்காது, அன்றைக்கும் கூப்பிடுங்கள்.