சந்தனம் வைத்த கார்பைன்

என் சித்தப்பா ராணுவத் தளவாடக் கிடங்கில் முப்பது வருஷம் இருந்தவர். "காலியா இருக்குன்னு நீ நினைக்கிற துப்பாக்கிதான்டா ரொம்ப..." என்று ஏதோ சொல்வார். ரொம்ப என்ன என்பது எனக்கு மறந்துவிட்டது. டில்லியில் எங்கள் மோதி பாக் காலனியில் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். நால்வருமே அரசாங்க அதிகாரிகள், ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளிநாட்டில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு 1996-ல் நான் டில்லிக்குத் திரும்பியபோது, மனிதனின் மதிப்பை அளக்கும் கோல் மாறியிருந்தது. முன்பு டெலிபோன் இருந்தால் போதும். இப்போது கன்மேன் இருக்க வேண்டும். காய்கறி வாங்கப் போகும்போது பின்னால் ஒருவர் துப்பாக்கியோடு வந்தால், தக்காளி விற்கும் பையாவே "சாப்" என்று எழுந்து நிற்கிறான்.

எங்கள் காலனியில் முதல் கன்மேன் கிடைத்தது ராஜகோபாலனுக்கு. தேங்காய்நார்க் கயிற்றின் தடிமனை நிர்ணயிக்கும் துறையில் அவர் இணைச் செயலாளர். "உங்கள் உத்தரவு எங்கள் கழுத்தில் கயிறாக விழுந்திருக்கிறது" என்று ஒரு வியாபாரி தபால் கார்டு போட்டிருந்தார். கயிறும் கழுத்தும் ஒரே வாக்கியத்தில் வந்ததால் அது உயிருக்கு அச்சுறுத்தல் என்று மேலிடம் கருதி, துணை ராணுவப் படையிலிருந்து காத்தவராயனை அனுப்பியது.

காத்தவராயன் தர்மபுரிக்காரன். மகள் அகல்யா மந்திர் மார்க் பள்ளியில் பத்தாவது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும், அவள் படிப்பும் போகும் என்பதால் விதிகளை மனப்பாடமாக வைத்திருந்தான். வந்த அன்றே வாசலில் ஒரு மணல் வாளி வைத்தான். குழலை மணலுக்குள் நீட்டித்தான் குண்டை எடுக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் ராஜகோபாலனின் மனைவி ருக்மிணி அதில் குரோட்டன்ஸ் நட்டாள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அலுவலகக் கோப்பு, கத்தரிக்கோல், மிக்ஸி எல்லாவற்றோடும் காத்தவராயனின் கார்பைன் துப்பாக்கியையும் வைக்க வேண்டும் என்றாள் ருக்மிணி.

"வைக்கலாம்மா. குண்டை எடுத்துட்டுத் தர்றேன்."

"எடுக்கப்படாது. உள்ள இருக்கறதை எடுத்துட்டா ஆயுதம் மூளியாயிடும். மூளியா இருக்கறதைப் பூஜையில வெக்கறதில்லை."

"அம்மா, குண்டோட வெச்சா..."

"ஜல்தி குடுய்யா, ராகுகாலம் வரப்போறது" என்றார் ராஜகோபாலன். "அப்பறம் நாளைக்குப் புனர்பூஜை ஆற வரைக்கும் தொடாதே."

இணைச் செயலாளர் உத்தரவிட்டால் சிப்பாய் என்ன செய்வான்? கொடுத்தான். ருக்மிணி அதை நல்லெண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்தாள். துடைத்ததில் பாதுகாப்புக் கொக்கி நகர்ந்துவிட்டது. பிறகு, எங்கே விரல் படுமோ அங்கேதான் சந்தனம் வைப்பது முறை என்பதால், அங்கே வைத்தாள்.

குண்டு கோப்பைத் துளைத்து, பீரோவைத் துளைத்து, பக்கத்து வீட்டு ரங்கராஜனின் தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது. ஆறு வருஷமாக நகராத கோப்பு அன்றுதான் முதன்முதலாக நகர்ந்தது.

விசாரிக்க பாலசுப்ரமணியம் என்ற அதிகாரி வந்தார்.

"யார் சுட்டது?"

"யாரும் சுடலீங்கய்யா. சந்தனம் வெச்சாங்க."

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "சந்தனத்துக்குக் கட்டம் இல்லையேப்பா. ரெண்டு படிவம்தான் இருக்கு. முதல் படிவம், காவலரின் அஜாக்கிரதை. உன் வேலை போயிடும். ரெண்டாவது, அடையாளம் தெரியாதவர்களின் தாக்குதல். உனக்குப் பதக்கம். ரெண்டு வாரம் டயம். யோசிச்சுக் கையெழுத்துப் போடு."

"நடந்தது ரெண்டுமே இல்லீங்களே."

"நடந்ததுக்கும் படிவத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

தாக்குதலுக்குச் சாட்சி தேவைப்பட்டது. காலனியில் பதினேழு பேர் முன்வந்தோம். இரண்டு பேர் ஓடியதைப் பார்த்ததாக நான் சொன்னேன். ரங்கராஜன் நாலு பேரைப் பார்த்திருந்தார். என் பார்வை மட்டமா என்று தோன்றியதால் மறுநாள் போய் ஐந்து பேர் என்று திருத்திக்கொடுத்தேன். தாக்குதல் நடந்த தெருவில் குடியிருப்பவர்களுக்கும் கன்மேன் கிடைக்கக்கூடும் என்று ஒரு பேச்சு இருந்தது.

தாக்கப்பட்டவர் என்பதால் ராஜகோபாலனுக்கு இன்னொரு கன்மேன் வந்தான். பெயர் தேஜ்பால். காத்தவராயனுக்குப் பதக்கம் வரப்போவதைக் கேள்விப்பட்ட அவன், எந்நேரமும் குண்டு நிரப்பியே வைத்திருந்தான். விரலை விசையிலிருந்து எடுக்கச் சொன்னால் சிரித்தான். ஒரு சாயங்காலம் துப்பாக்கியைச் சோபாவில் சாய்த்துவிட்டு டீ குடிக்கக் குனிந்தான். அது சரிந்து விழுந்தது.

ராஜகோபாலனின் ஆறு வயது மகள் ஷ்ரேயா ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தாள். குண்டு அவள் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் ராத்திரிவரை அவள் கீழே இறங்கவில்லை. காத்தவராயன்தான் அவளைத் தூக்கி வைத்திருந்தான். அவன் கால்சட்டை முழுக்க ஹார்லிக்ஸ்.

ராஜகோபாலன் ஓடி வந்து குழந்தையின் கைகளைத் தடவிப் பார்த்தார். பிறகு அவருக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டார். "ரெண்டாவது தாக்குதல்! இப்போ நாலு பேர் தரணும். சட்டப்படி தந்துதான் ஆகணும்."

"நாலு பேரா?" என்றாள் ருக்மிணி. "அத்தனை பேரும் எங்கே உக்காருவா?"

காலனியே டம்ளரைப் பார்க்க வந்தது. ரங்கராஜன் அதை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராஜகோபாலன், ஒரு வாரம் இதைக் குடுங்கோளேன். என் அப்ளிகேஷனோட வெச்சுட்டுத் தந்துடறேன்." அவருக்குப் பிறகு எனக்கு என்று நான் சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலை பாலசுப்ரமணியம் இரண்டு படிவங்களோடும் வந்து சேர்ந்தார். நாங்கள் எல்லோரும் ராஜகோபாலன் வீட்டுக் கூடத்தில் இருந்தோம்.

"ரெண்டாவதுல கையெழுத்துப் போடுப்பா. பதக்கத்துக்கு எல்லாம் தயார்."

"முதல் படிவம் போட்டா என்னங்கய்யா ஆகும்?"

"உன் வேலை போகும். தாக்குதலே இல்லைன்னு ஆயிடும். இவர் கன்மேன் ரெண்டு பேரும் போயிடுவாங்க. அதைவிட, இங்க உக்காந்திருக்கிற பெரிய மனுஷங்க பதினேழு பேரும் பொய் சொன்னதா ரெக்கார்டு ஆயிடும். நல்லாவா இருக்கும்?"

"நல்லாவே இருக்காது" என்றேன் நான்.

"அகல்யாவை நெனச்சுப் பாருய்யா" என்றார் ராஜகோபாலன், மிகவும் பரிவாக.

"நேத்து அந்த டம்ளரைப் பாத்ததுலேருந்து அவளைத்தாங்கய்யா நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்றான் காத்தவராயன்.

தேஜ்பாலின் துப்பாக்கியை வாங்கி, தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு, வாசலுக்குப் போய், குரோட்டன்ஸ் வாளி மணலில் குழலை நீட்டி இரண்டிலும் இருந்த குண்டுகளை எடுத்து, உள்ளே வந்து மேஜைமேல் வைத்தான். பேனாவைத் திறந்தான். குண்டை எடுக்காமல் பூஜைக்குக் கொடுத்தது தான்தான் என்று எழுதி, முதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.