பன்னிரண்டாம் நம்பருக்குள் பூபாலன்

இந்த வருஷம் தீனதயாளனை முந்தியே தீருவது என்று பூபாலன் சபதம் எடுத்தான். குளியலறைக் கண்ணாடி முன்னால், வாயில் பிரஷ்ஷோடு, நுரை தெறிக்கத் தெறிக்க எடுத்த சபதம். எடுத்து முடித்துக் கம்பீரமாக வெளியே வந்தால், மனைவி ஹெலன் ஒரு ஜெர்சியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகில் 47 என்று கொட்டை எழுத்து. மற்ற இடமெல்லாம் செம்மண்.

"இன்னாயா இது?"

மிச்சமிருந்த நுரையை பூபாலன் விழுங்கிவிட்டான்.

கேள்வி சின்னதுதான், பின்னணி பெரிது. கருங்குழியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் பூபாலனுக்கு மோட்டோகிராஸ் என்றால் உயிர். மண்மேட்டில் பைக்கை ஏற்றிப் பறக்கவிட்டு, பள்ளத்தில் இறக்கி, சேற்றில் திருப்பி, முழுசாக வீடு வந்து சேருவதுதான் அந்தப் பந்தயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் முழுசாக வந்து சேரவில்லை. பைக் ஒரு பக்கம் இறங்கியது, இவன் ஒரு பக்கம் இறங்கினான், இடது கழுத்துப் பட்டை எலும்பு இரண்டாக உடைந்தது. மதுராந்தகத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் ஹெலன்தான் மூன்று மாதம் குளிப்பாட்டி, சோறூட்டி, ஒத்தடம் கொடுத்து ஆளைத் தேற்றினாள். தேற்றிய கையோடு பைபிள்மேல் கை வைக்கச் சொன்னாள். 'எஞ்ஜின் வச்ச வண்டியில இனி மண்ணுல ஏற மாட்டேன்' என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்ல வைத்தாள். பைக்கை நண்பன் ஜாவித்துக்குக் கொடுத்துவிட்டதாக பூபாலன் சொன்னான். பைக் ஜாவித்தின் டயர் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் சுகமாகத் தூங்கியது. ஞாயிறுதோறும் ஜெபம் முடிந்ததும் இவன் போய் எழுப்புவான்.

"காது கேக்கல? இன்னா இதுன்னு கேட்டேன்."

"சைக்கிளு" என்றான் பூபாலன்.

"சட்டய காட்டி கேட்டா சைக்கிளுன்ற?"

"சைக்கிள் ரேஸு சட்ட. பி.எம்.எக்ஸ்னு ஒண்ணு கீது. ஒடம்புக்கு நல்லதாம். எஞ்ஜினே கெடயாது, ஹெலனு. வேணும்னா தேடிப் பாரு."

பயத்தில் உளறியதுதான், ஆனால் உளறியதில் சரக்கு இருந்தது. மோட்டார் பந்தயத்தைப் பார்த்து ஏங்கிய பிள்ளைகள் கையிலிருந்த சைக்கிளில் அதே கூத்தை அடிக்க, அதுவே வளர்ந்து பி.எம்.எக்ஸ் ஆனது. அதே மண்மேடு. அதே வளைவு. வரிசையாக நிறுத்தி, முன்னால் இருக்கும் கேட்டைச் சட்டென்று கீழே விழவைத்து விரட்டுவதும் அதேதான். முகமே தெரியாத ஹெல்மெட், கையுறை, முதுகில் நம்பர் போட்ட ஜெர்சி, எல்லாம் ஒரே குடும்பம். உடையை மட்டும் பார்த்து எவனும் இது எந்தப் பந்தயக்காரன் என்று சொல்ல முடியாது. பூபாலனுக்குத் தன் புத்தியை நினைத்து அவனுக்கே ஆசையாக இருந்தது.

ஹெலன் முகம் மலர்ந்தது. அதுதான் முதல் ஆபத்து.

"எங்க, ஓட்டிக் காட்டு."

எதிர்வீட்டு அம்சாவின் மகளிடம் சின்ன சைக்கிள் ஒன்று இருந்தது. அதில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பூபாலன் தெருமுனை வரை போய்த் திரும்பினான்.

"அது இன்னா, வலது கைய முறுக்கிகினே வர?"

"கையா? அது... மணிக்கட்டுப் பயிற்சி."

"வாயில டுர்ருனு ஒரு சத்தம் வந்துச்சே?"

"மூச்சுப் பயிற்சி."

"நல்லாத்தான் கீது பயிற்சி" என்று சொல்லிவிட்டு ஹெலன் துணி துவைக்கப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வந்து இன்னொரு சேதியையும் சாவகாசமாகப் போட்டாள். "மகாபலிபுரத்தாண்ட சவுக்குத் தோப்புல சைக்கிள் ரேஸும் பைக் ரேஸும் ஒண்ணா நடக்குதாமே. அருணகிரி சார்தான் நடத்துறாரு, நம்ம கிளினிக்குக்கு வருவாரு. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல சைக்கிள்ல உம்பேர குட்த்துட்டேன். நானும் வரேன், பாக்க."

பூபாலனுக்குக் கண்ணைக் கட்டியது. அந்தத் தோப்பில்தான், அந்த நாளில்தான், அவன் தீனதயாளனை முந்துவதாக இருந்தான். தீனதயாளன் ஒவ்வொரு வருஷமும் ஜெயிப்பான். ஜெயித்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. இவன் தோளில் கை போட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், தம்பி" என்று ஊர் பார்க்க ஆறுதல் சொல்வான். ஒரே ஒரு தடவை மைக்கில் 'முதலிடம், பூபாலன்!' என்று கேட்டுவிட்டால் போதும், அப்புறம் கட்டை வேகலாம் என்ற நிலையில் இருந்தான் இவன்.

மறுநாள் டயர் கடையில் அவசரக் கூட்டம்.

"மச்சான், நீ என் 47 ஜெர்சிய மாட்டிகினு சைக்கிள் ரேஸ்ல ஓடு. நான் உன் 12 ஜெர்சிய மாட்டிகினு பைக் ரேஸ்ல ஓடுறேன்" என்றான் பூபாலன்.

"நானு? சைக்கிளா?" என்றான் ஜாவித்.

"நீதான் பைக் ரேஸ்ல மொத ரவுண்டுலயே வுழுந்துடுவியே. சைக்கிள்ல வுழுந்தா வலி கம்மி."

"அத்த வுடு. ஹெலன் தங்கச்சி கண்டுபிட்சிட்டா?"

"ஹெல்மெட்ட கழட்டாத. வாயத் தொறக்காத. சைக்கிள் ரேஸு முடிஞ்சதும் டெண்டுல உக்காந்துக்கோ. 47 அங்க உக்காந்துகினு இருக்கறத அவ பாத்துகினே இருக்கணும். அதுக்குள்ள நான் பைக் ரேஸ முட்சிடுவேன்."

"ஜெயிச்சா உம்பேரு வராதே, மச்சான்?"

பூபாலன் அதை யோசிக்கவில்லை. யோசித்ததும் வலித்தது. பிறகு, தீனதயாளன் தோற்றால் அதுவே போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். பந்தயக்காரனுக்கு நம்பர் என்பது பெற்றவர் வைத்த பேர் மாதிரி, சாகும்வரை மாற்றமாட்டான். ஜாவித்தின் 12-ஐப் போட்டுப் பார்த்தபோது அடுத்தவன் பல்செட்டை வாயில் வைத்த மாதிரி இருந்தது.

பந்தய நாளன்று தோப்பு நிறையக் கூட்டம். ஒரு பக்கம் சைக்கிள் பாதை, ஒரு பக்கம் பைக் பாதை, நடுவில் சுண்டல் வண்டி. "போய் டிரஸ் மாத்திகினு வரேன்" என்று போன பூபாலன் ஒரு வேனுக்குப் பின்னால் 12 ஆனான். 47 ஆன ஜாவித் சைக்கிளோடு கேட்டில் போய் நின்றான். ஹெலன் வேலி ஓரமாக நின்று, "ஜெயிச்சிட்டு வாய்யா!" என்று கை காட்டினாள். 47 வாயைத் திறக்காமல் தலையாட்டியது. ஒளிந்து பார்த்த பூபாலன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

கேட் விழுந்தது.

எல்லாரும் பறந்தார்கள். 47 மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, உடம்பை முன்னால் சாய்த்து, வலது கைப்பிடியை முறுமுறுவென்று முறுக்கியது. சைக்கிள் கிளம்பவில்லை. இன்னும் பலமாக முறுக்கியது. இடது கையால் இல்லாத கிளட்ச்சை வேறு பிடித்துப் பிடித்து விட்டது.

"யோவ் நாப்பத்தேழு! பெடல மிதிய்யா!" என்று தோப்பே கத்தியது. மிதிப்பதற்குள் மற்றவர்கள் முடித்துவிட்டு சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் பேசிய அருணகிரிக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. "கடைசி இடம், பூபாலன்!" என்று மூன்று தரம் சொன்னார். பூபாலனின் பேர் மைக்கில் வந்துவிட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பைக் கேட்டுக்கு வந்தான். பக்கத்தில் தீனதயாளன். அடுத்த அறிவிப்பு வந்தது. "பைக் வீரர்களை நம்ம நர்ஸம்மா செக் பண்ணிட்டுத்தான் விடுவாங்க." முதலுதவிப் பெட்டியோடு வரிசையாக ஒவ்வொருவர் கழுத்தையும் தோளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஹெலன்.

ஓடவும் முடியாது. முன்னால் கேட், பின்னால் கூட்டம். ஹெலன் எதிரில் நின்றாள். அவள் விரல் ஜெர்சிக்கு மேலாக இடது கழுத்துப் பட்டை எலும்புக்கு வந்தது. எலும்பு கூடிய இடத்தில் இருக்கும் சின்ன மேட்டில் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பூபாலன் ஹெல்மெட்டுக்குள் கண்ணை மூடி, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னான்.

"நல்லா கீறீங்க, ஜாவித் அண்ணே" என்றாள் ஹெலன். தாடைப் பட்டையை இழுத்து இறுக்கினாள். "பாத்து போங்க. வூட்ல ஒருத்தி காத்துகினு இருப்பா."

தப்பித்தோம் என்று பூபாலன் நம்பினான். அந்தக் குஷியில் அவன் ஓட்டியதைத் தோப்பு அதற்குமுன் பார்த்ததில்லை. முதல் வளைவில் முதலில் புகுந்தான். மேடுகளில் பறந்தான். தீனதயாளன் கடைசிவரை இவன் கிளப்பிய மண்ணைத்தான் தின்றான்.

"முதலிடம், ஜாவித்!" என்று மைக் அலறியது.

தீனதயாளன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "ஜாவித்து! பூபாலனால ஜென்மத்துக்கும் முடியாதத நீ முட்சிட்டியே!"

கோப்பையைக் கொடுக்க மேடைக்கு வந்தவளும் ஹெலன்தான். மைக்கை வாங்கிக்கொண்டாள். "ஹெல்மெட்ட கழட்டுங்கண்ணே. ஜெயிச்சவரு மூஞ்சிய எல்லாரும் பாக்கட்டும்." கூட்டம் கை தட்டியது. பூபாலனின் கை தாடைப் பட்டை வரை போனது. பைபிள் ஞாபகம் வந்தது. கை இறங்கியது.

"வெக்கப்படுறாரு" என்றாள் ஹெலன் கூட்டத்தைப் பார்த்து. கோப்பையோடும் ஹெல்மெட்டோடும் போட்டோ எடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் ஹெலன் எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து, அவன் முன்னங்கைகளைப் பிடித்துத் தேய்த்தாள். பூபாலன் 'ஆ' என்றான்.

"சைக்கிள் ஓட்னவனுக்குத் தொட வலிக்கும். உனக்கு இன்னாயா கை வலிக்குது?"

அவள் விரல் மேலேறி அந்தச் சின்ன மேட்டில் நின்றது.

"இத்த மூணு மாசம் தடவினது நானு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் வுட்ட?" என்றான் பூபாலன்.

"அந்தக் கேட்டுல நிக்கறப்ப உன் நெஞ்சு அப்படி அட்சிகினு இருந்துச்சு. பாவமா கீதுன்னு வுட்டேன்."

பூபாலனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவியா என்று உருகினான். உருகிய வேகத்தில் ஒரு யோசனையும் பிறந்தது. "அப்ப ஜெயிச்சது நான்தான்னு தீனதயாளனாண்ட சொல்லிடலாமா, ஹெலனு?"

"தாராளமா சொல்லு. மொதல்ல ஞாயித்துக்கிழம சர்ச்சுல சொல்லு. அதே பைபிள் மேல கை வச்சு."

பூபாலன் மறுகையை நீட்டினான். ஹெலன் அதற்கும் எண்ணெய் ஊற்றினாள்.

"ஜாவித் அண்ணன் சம்சாரம் ஹனியா போன் பண்ணா. கப்ப அவங்க வூட்டு டிவி பக்கத்துல வச்சிருக்காளாம், வரவங்கல்லாம் ஜாவித் அண்ணன புகழ்ந்துட்டுப் போறாங்களாம். நம்ம வூட்லயும் ஒண்ணு இருந்திருக்கும்" என்று பெருமூச்சு விட்டாள். "நீதான் பெடல மிதிக்கவே இல்லியே."