யூனியன்வில் கல்யாணத்துக்கு வந்த மூஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மறதி என்னுடையது, காந்தம் அம்மாவுடையது. இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டது நான் மட்டும்தான். இனிக் கேட்பதாக இல்லை.

அப்போது எனக்கு மூஸ் ஆராய்ச்சியில் ஆறு மாத ஒப்பந்த வேலை. (மூஸ் என்பது குதிரையைவிட உயரமான காட்டு மான். எங்கள் ஊரான மல்வேர்னில் சொந்தக்காரருக்கு அது மாடு.) அது எங்கே மேய்கிறது, எங்கே படுக்கிறது என்று அதன் கழுத்துப் பட்டி செய்மதி வழியாக அலுவலகத்துக்குச் சொல்லும். காந்தம் ஒன்றை ஒட்டினால் பட்டி அணைந்துவிடும். எடுத்தால் மறுபடி பேசத் தொடங்கும்.

பதினேழாம் இலக்க மூஸின் பட்டி காட்டில் கழன்று கிடந்தது. காந்தத்தை ஒட்டிப் பையில் போட்டேன். எடுத்ததை அலுவலகப் பதிவில் எழுதத்தான் மறந்தேன். என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று திங்கட்கிழமை சொல்வதாக இருந்தார்கள். மண்டை முழுக்க அதுதான். சனிக்கிழமை மாமாவின் மகளுக்குக் கல்யாணம். பையைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு யூனியன்வில் மண்டபத்துக்குப் போனேன்.

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சீருடையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் மயக்க ஊசித் துப்பாக்கி. கார் தரிப்பிடத்தில் மூஸ் நிற்கிறது, யாரும் வெளியே போகவேண்டாம் என்றார்கள். பதினேழாம் இலக்க மூஸாம். பாயசத்தைக் கீழே வைத்தேன். முந்நூறு பேர் பார்க்க, பட்டுச்சேலையோடு எழுந்து, அந்த மூஸ் என் டிக்கியில் இருக்கிறது என்றேன்.

டிக்கியைத் திறந்தோம். பட்டி இருந்தது, காந்தம் இல்லை. பக்கத்தில் நின்ற அம்மா மெதுவாகச் சொன்னார்: "பிரிட்ஜில கல்யாணக் கார்ட் ஒட்ட ஒண்டும் இல்லை. உதில சும்மா கிடந்தது, எடுத்தனான்."

கணக்காளரான மாமா, என்னையும் கணக்குப் படிக்கச் சொல்லி அலுத்தவர், பின்னாலேயே வந்திருந்தார்.

"உதுக்கோ பிள்ளை இவ்வளவு படிச்சனி?"

அவருக்காக நீளமான பதிலொன்று பல நாளாக வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது.

"ஓம் மாமா. உதுக்குத்தான் படிச்சனான்."

திங்கட்கிழமை மேலதிகாரி வரைபடத்தைக் காட்டினார். காடு, மூன்று நாள் மௌனம், பிறகு மல்வேர்னில் எங்கள் வீடு, பிறகு கல்யாண மண்டபம். ஒன்றையும் மறைக்காமல் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். இது நாளைக்கு வேறு யாருக்கும் நடக்கும், காந்தத்துக்கு மேல் டேப் சுற்றுங்கள் என்றும் எழுதினேன். வேலை கிடைத்தது. டேப்பும் விதியானது. சக ஊழியர்கள் அதை 'அம்மா டேப்' என்கிறார்கள்.

அம்மா காந்தத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. நான் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாமா வாசலில் நின்று, என்னைப் பார்த்து "மாடு வந்திட்டுதோ?" என்று ஊர் கேட்கக் கேட்பார்.

"வந்திட்டுது மாமா. மேய்ச்சல் எந்தப் பக்கம்?"