செயலாளரின் வெயில்

சோற்றுக் கோப்பையை ஒதுக்கிவிட்டு, ஒரு மோர்மிளகாயைக் கடித்தபடி போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார் சிவபாதசுந்தரம். வெள்ளவத்தையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மொட்டை மாடியில் பூட்டிய சோலர் தகடுகளோ பாதிக் கரண்ட்கூடத் தரவில்லை என்றது போன்.

அந்த அடுக்குமாடிக்கு அவர்தான் செயலாளர். கடல் வரவர ரெயில் பாதையை நெருங்குவதைப் பார்த்து மனம் பதைத்து, "எங்கட வீட்டுப் புகையால உலகம் சூடாகக் கூடாது" என்று எல்லாரையும் கெஞ்சிக் கூத்தாடித் தகடு பூட்டுவித்தவர். கரண்ட் வராவிட்டால் ஞாயிறு கூட்டத்தோடு அதைக் கழற்றிவிட்டு, மாடியில் ஏசி மண்டபம் கட்டுவோம் என்று மூன்றாம் மாடிச் சண்முகலிங்கம் சொல்லித் திரிந்தார்.

பொழுதுபட்ட பிறகு வந்த மெக்கானிக் நபீஸ், மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஒரு பிழையும் இல்ல சேர். சாமான் நல்லா ஈக்குது."

சரி, மிச்சம் பிடித்தாவது ஈடுகட்டுவோம் என்று பகலில் லிஃப்டை நிற்பாட்டினார் செயலாளர். முழங்கால் நோவுக்காரரான அவரே அன்றோடு மொட்டை மாடிப் பக்கம் போவதை விட்டார். கரண்ட் கூடவில்லை.

அடுத்த உத்தரவு: பகலில் ஒரு வீட்டிலும் பிரிட்ஜ் ஓடக்கூடாது.

"எல்லா வீட்டுத் தயிரும் புளிச்சு எங்கட குசினியில வந்து நிக்குது" என்றாள் மனைவி கௌரி.

"எறிஞ்சு போடாதையும். சாப்பாடு அழுகினாலும் உலகத்துக்குச் சூடுதான்."

"எறியேல்லை. மோர்மிளகாய் போடுறன். இப்ப முந்தியைவிடக் கெதியாக் காயுது."

"பாத்தீரே, உலகம் எவ்வளவு சூடாகிட்டுது எண்டு" என்று பெருமூச்சு விட்டார் அவர்.

கரண்ட் இன்னும் இறங்கியது. ஏசிக்கும் தடை போட்டார். சண்முகலிங்கம் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்கள் உலகத்தைக் காப்பாத்திறது இருக்கட்டும், முதல்ல எங்களைக் காப்பாத்துங்கோ."

சனத்தின் கோபத்தை எப்படி ஆற்றுவது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டார்.

"கௌரி, வீட்டுக்கு ஒரு போத்தல் மோர்மிளகாய் குடுப்பம். நிறையப் போடும். வெயில் சும்மாதானே கிடக்கு."

கௌரியும், வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக வரும் கொட்டாஞ்சேனைப் பெண் பேர்ணடெற்றும் அந்தக் கிழமை முழுக்கப் படியேறி இறங்கினார்கள். சனிக்கிழமை போனைப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. கரண்ட் அநேகமாக இல்லை.

ஞாயிறு மத்தியானம் கூட்டம் கீழ்த்தளத்தில் கூடியது. அவர் எழுந்து கை கூப்பினார்.

"தகட்டில பிழை இல்லை, சூரியனிலயும் பிழை இல்லை. பிழை எங்கை எண்டு எனக்கு விளங்கேல்லை. இன்னும் ஒரு மாதம் மட்டும் தாங்கோ."

சண்முகலிங்கம்கூட இளகிப்போனார். மடியில் இருந்த மோர்மிளகாய்ப் போத்தலைத் தடவிக்கொண்டார்.

"மனுசன் பாவம். குடுப்பம்" என்றார்.

அப்போது வானம் முழங்கியது. பேர்ணடெற் கதவால் எட்டிப் பார்த்தாள்.

"கௌரி அக்கா, மழை இருட்டுது. ஐயா மேல பூட்டின கண்ணாடித் தட்டு முழுக்கப் பரப்பி வச்ச மிளகாயை அள்ளட்டுமா?"