என் போர்வைக்கு எண் கொடுத்துவிட்டார்கள்

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சானுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமென்றே வைத்துக்கொள்கிறேன். நிதானமாக விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

ஒட்டுப்போர்வை ஆய்வு நிலையத்தில் எனக்கு மூன்று மாத வருகை ஆய்வாளர் பதவி கிடைத்ததை ஊரெல்லாம் சொன்னவர் நீங்கள்தான். அது என்ன வேலை தெரியுமா? செத்துப்போனவர்கள் போர்த்திய போர்வைகளை, உயிரோடிருப்பவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு பார்ப்பது. சூடு பழந்துணிக்கு ஆகாதாம். மனிதனுக்கு எது ஆகாது என்று இங்கே ஆராய்ச்சி கிடையாது. தாங்காமல் ஒருநாள், உங்கள் தங்கை துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த ஒட்டுப்போர்வையைப் பையில் ஒளித்துக் கொண்டுபோய் முழங்காலில் போட்டுக்கொண்டேன். வெளித்துணி உள்ளே வந்தால் பூச்சி வரும், கொண்டுவந்தவர் பதவி போகும் என்பது இங்கத்திய சட்டம். தேநீருக்கு எழுந்தவன் புத்தி கெட்டு அதை மேசையிலேயே விட்டுவிட்டேன். திரும்பி வந்தால் பதிவாளர் அம்மா வெள்ளைக் கையுறையோடு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயையோ, இதுல நம்பரே இல்லையே! யாரு கழட்டுனது?" என்று அழாக்குறை. என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன், பதவி கண்முன் வந்தது, மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், புது எண் தைத்து, பூச்சி சாகட்டும் என்று பதினான்கு நாள் ஃப்ரீசரில் போட்டுவிட்டார்கள்.

வெளியே எடுத்ததும் இயக்குநர் அதை என் தலையிலேயே கட்டினார். "சார், கருத்தரங்குல இதைப் பத்தி நீங்கதான் பேசுறீங்க." என்னத்தைப் பேச? பச்சைக் கட்டம் நான் இஸ்திரி போடும்போது பொசுக்கிய சட்டை, நீலக் கோடு பேருந்துக் கதவில் மாட்டிக் கிழிந்தது. காலம் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை என்று மேடையில் இழுத்தேன். இயக்குநர் எழுந்துவிட்டார். "கவனிங்க, எல்லாமே ஒரே ஆம்பளையோட சட்டை. தச்சவங்க புருஷனைப் பறிகொடுத்தவங்க. ஒவ்வொரு தையலுக்கும் அழுதிருக்காங்க!" அரங்கமே கைக்குட்டையை எடுத்தது. பறிகொடுக்கப்பட்ட நானும் மேடையில் நின்று கைதட்டினேன், மச்சான்!

இப்போது அது படத்தோடு அவர்கள் பத்திரிகையில் வரப்போகிறது. கால் முறிந்து படுத்திருந்த எட்டு மாதம் உங்கள் தங்கை தைத்தது அது. அதை வீட்டு வாசல் தாண்டவே விடமாட்டாள், நான் கேட்காமல் எடுத்து வந்தேன். அவளிடமும் சொல்லப் பயம், இவர்களிடமும் சொல்லப் பயம். அவள் சிரித்த முகமாக இருக்கும் நேரம் பார்த்து நீங்கள்தான், "போர்வை பத்திரமா இருக்கு, ஆனா திரும்பக் கிடைக்காது" என்று பதமாகச் சொல்ல வேண்டும். உங்கள் காலில் விழுகிறேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஆராய்ச்சிக்கு மட்டும் போகாமல் இருக்க என் ஆசிகள்.

விறைத்த விரல்களுடன்,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: மேலே எழுதிய எதையும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். இதைத் தபாலில் போடுவதற்குள் பத்திரிகை வந்து முந்திக்கொண்டது. என் பெருமையைப் பார்க்கட்டும் என்று வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பச் சொன்ன மகானுபாவன் நானேதான். அவள் இயக்குநருக்கே போன் போட்டு, எந்தத் துண்டு எந்தச் சட்டை, எந்த வருடம், எந்த அசட்டுத்தனத்தில் கிழிந்தது என்று ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறாள். அவர் குறிப்பெடுத்திருக்கிறார். வெளித்துணி கொண்டுவந்ததைக்கூட மன்னித்தார்களாம்; ஒன்பது வருடம் போர்த்திப் படுத்தும் ஒன்றும் கண்டுபிடிக்காதவன் ஆய்வாளனா என்று என் பதவியை ரத்து செய்துவிட்டார்கள். என் இடத்துக்கு அவள் வருகிறாள். போர்வையும் அவளுக்கே. துணைக்கு ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம், புருஷனை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.